அளவுகோல் யாருடையது? பல்கலைக்கழக மொழிக்கல்வியிற் கற்போர் சுயாதீனமும் சுயகணிப்பீடும்: ஒரு வரலாற்று நோக்கு

1

பல்கலைக்கழக மொழிக் கற்கைநெறிகள் பற்றிய எழுத்துகளில் கடந்த சில தசாப்தங்களாக இரு தொடர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெற்று வருகின்றன. ஒன்று கற்போர் சுயாதீனம், மற்றது சுயகணிப்பீடு. எதனைக் கற்பது, எவ்வழியிற் கற்பது, எவ்வேகத்திற் கற்பது என்பவற்றை மாணவர் தாமே தீர்மானிக்கும் ஆற்றலை முதலாவது தொடர் குறிக்கின்றது. தாம் கற்றதன் தரத்தைத் தாமே அளந்து கூறுதலை இரண்டாவது குறிக்கின்றது. இவை இரண்டும் பொதுவாகக் கற்பித்தல் உத்திகளாகவே விரிவுரையாளருக்கு அறிமுகம் செய்யப்படுகின்றன. பயிற்சிப் பட்டறைகளில் விநியோகிக்கப்படும் படிவங்களாகவும் வினாக்கொத்துகளாகவுமே அவை பலருக்குப் பரிச்சயமாகியுள்ளன.

உத்தியாக மட்டும் நோக்கப்படும் எக்கருத்தும் தனது வரலாற்றை இழந்துவிடுகின்றது. கல்வி பற்றிய கருத்துகள் குறித்த சமூக உறவுகளினின்றும் எழுகின்றன; அவ்வுறவுகள் மாறும்போது, பெயர் மாறாமலே அவற்றின் உள்ளடக்கம் மாறிவிடுவதுண்டு. கற்போர் சுயாதீனம் என்ற கருத்துக்கும் இதுவே நேர்ந்தது. ஆகவே, "இம்முறை பயன் தருமா?" என்று கேட்பதற்கு முன்னர், "இது எங்கிருந்து, எவருடைய கோரிக்கையாக வந்தது? பின்னர் எவருடைய கைக்கு மாறியது?" என்று கேட்பது அவசியமாகின்றது.

இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். ஒருவர் தம்மைத் தாமே அளந்துகொள்வது அவரைச் சுயாதீனம் உடையவராக ஆக்கிவிடாது. அளக்கும் செயல் மாணவரிடம் ஒப்படைக்கப்படும்போது அளவுகோலும் அவரிடம் வந்து சேர்கிறதா என்பதே வினா. அளவுகோல் வேறிடத்தில் இருக்க, அளக்கும் வேலை மட்டும் மாணவரிடம் விடப்படுமாயின், சுயகணிப்பீடு விடுதலைக்குரிய சாதனமாக அமையாது. தோல்வியின் பொறுப்பையும் தோற்றவரின் தலையிலேயே சுமத்தும் நுண்ணிய ஏற்பாடாகவே அது அமையும்.

2

இக்கருத்தின் பிறப்பிடம் பிரான்சின் கிழக்கே, லொரேன் பிரதேசத்திலுள்ள நான்சி நகரமாகும். லொரேன் இரும்புத்தாதுச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த தொழிலாளர் பிரதேசம். 1960களில் இச்சுரங்கங்கள் நலிவடையத் தொடங்கின. நான்சியிலுள்ள சுரங்கப் பொறியியற் கல்லூரியின் பணிப்பாளராக விளங்கிய பெர்த்ரான் ஷ்வார்ட்ஸ் என்பார், அத்தசாப்தத்தின் நடுப்பகுதியில் பிரியே சுரங்கப் பிரதேசத்திலே தொழிலாளருக்கான கூட்டுக் கல்வி முயற்சிகளை ஆரம்பித்தார். கல்வி என்பது மேலிருந்து வழங்கப்படும் பாடத்திட்டமாக இருத்தலாகாது. தமக்கு எது தேவை என்பதைக் கூறுவதிற் கற்போரும் அவர்தம் பிரதேச மக்களும் பங்கு கொள்ளல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கற்போர் தம் காரியங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் ஆற்றலைச் சுயாதீனம் என அவர் வரையறுத்தார். மொழிக்கல்வியாளர் பின்னாளில் எடுத்தாண்ட வரைவிலக்கணத்தின் ஊற்று, சுரங்கத் தொழிலாளரின் கல்வி பற்றிய இச்சிந்தனையே என்பது கவனத்திற்குரியது.

இச்சூழலிலேதான் 1968 மே மாதக் கிளர்ச்சி நிகழ்ந்தது. மாணவர் எழுச்சியும் தொழிலாளரின் பொது வேலைநிறுத்தமும் பிரெஞ்சு அரசை நிலைகுலையச் செய்தன. பேராசிரியரின் அதிகாரம், விரிவுரையின் ஒருவழிப் பாங்கு, பரீட்சையின் நியாயம் ஆகியன வெளிப்படையாகவே கேள்விக்குள்ளாயின. அவ்வாண்டு நவம்பரில் நிறைவேற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம் சுயாதீனம், பங்கேற்பு ஆகிய சொற்களைப் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மொழிக்குள் கொண்டுவந்தது. வீதியில் ஒலித்த கோரிக்கையை அரசு தன் சட்டவாசகமாக்கிக் கொண்டமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

நான்சிப் பல்கலைக்கழகத்தில் இவ் ஷலோன் என்பவரால் ஒரு மொழிக்கல்வி ஆய்வுநிலையம் இக்காலப்பகுதியில் நிறுவப்பட்டது. கிராப்பெல் என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படும். ஷலோன் 1972இற் காலமானார். அவருக்குப் பின் அந்நிலையத்தின் தலைமையை ஏற்றவர் ஹென்றி ஹோலெக். ஒலிப்பதிவுகள் சேகரிக்கப்பட்ட நூலகமொன்று அங்கே அமைக்கப்பட்டது. கற்பித்தலுக்கென்று செயற்கையாக எழுதப்பட்ட பாடங்களுக்குப் பதிலாக, இயல்பான வழக்கிலுள்ள பேச்சும் எழுத்தும் கற்றற் பொருள்களாகக் கொள்ளப்பட்டன. கற்போர் ஆலோசகர் ஒருவரைச் சந்தித்துத் தம் தேவைகளை விவாதிப்பர். பின்னர் தாமே தெரிந்தெடுத்த பொருள்களைக் கொண்டு தமக்குரிய வேகத்திற் பயில்வர். மீண்டும் வந்து, தாம் எவ்வளவு தூரம் முன்னேறியுள்ளோம் என்பதை ஆலோசகரோடு கலந்துரையாடுவர். ஆசிரியர் இல்லாமற் போய்விடவில்லை. அவருடைய தொழில் மாறியது.

இம்முயற்சிக்குப் பொருளாதார அடித்தளம் ஒன்றும் இருந்தது. 1971 யூலையில் பிரான்சில் நிறைவேற்றப்பட்ட தொடர்கல்விச் சட்டம், பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கமர்த்திய நிறுவனங்கள் தமது சம்பளச் செலவில் 0.8 சதவீதத்தைத் தொழிலாளர் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என விதித்தது. தொழில் புரியும் வயதுவந்தோர் வகுப்பறை நேரசூசிக்குள் அடங்கமாட்டார்கள். அவர்களுக்கு நெகிழ்ச்சியான கற்றல்முறை தேவைப்பட்டது. ஆக, சுயாதீனம் என்ற கருத்தின் தொட்டிலிலேயே இரு குரல்கள் ஒலித்தன. ஒன்று, தம் கல்வியைத் தாமே ஆள விரும்பிய மக்களின் குரல். மற்றது, மாறும் தொழில்நுட்பத்திற்கேற்பத் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் உழைப்பாளரை வேண்டிநின்ற மூலதனத்தின் குரல். பின்வந்த அரைநூற்றாண்டு வரலாறு இவ்விரண்டிற்குமிடையே நிகழ்ந்த இழுபறியின் வரலாறு எனலாம்.

3

1949இல் நிறுவப்பட்டு ஸ்ட்ராஸ்பேர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மன்றம், 1971இல் வயதுவந்தோருக்கான நவீன மொழிக்கல்வித் திட்டமொன்றைத் தொடங்கியது. இத்திட்டத்திற்காக ஹோலெக் எழுதிய அறிக்கை 1979இல் மன்றத்தால் வெளியிடப்பட்டு, 1981இல் ஆங்கில நூலாகப் பரவலான வாசகரை அடைந்தது. தன் கற்றலைத் தானே பொறுப்பேற்கும் ஆற்றலே சுயாதீனம் என அவ்வறிக்கை வரையறுத்தது. அவ்வாற்றல் பிறப்பிலேயே வாய்ப்பதன்று, பெற்றுக்கொள்ள வேண்டியது என்பதையும் ஹோலெக் தெளிவுபடுத்தினார். இலக்குகளைத் தீர்மானித்தல், உள்ளடக்கத்தையும் அதன் படிமுறையையும் வகுத்தல், முறைகளைத் தெரிதல், கற்கும் செயலைக் கண்காணித்தல், கற்றதை மதிப்பிடுதல் என ஐந்து கூறுகளை அவர் வகுத்தார். சுயகணிப்பீடு இவற்றில் இறுதிக் கூறு. முன்னைய நான்கிலிருந்தும் அதனைப் பிரித்தெடுத்து நோக்கியதன் விளைவுகளைப் பின்னர் காண்போம்.

அவ்வறிக்கையின் முகப்பிலே ஹோலெக் வயதுவந்தோர் கல்வி பற்றிய ஒரு கருத்தைத் துணைக்கழைக்கின்றார். மனிதன் தன் சமூகத்தின் விளைபொருள் என்ற நிலையிலிருந்து, தன் சமூகத்தை ஆக்குபவன் என்ற நிலைக்குச் சிந்தனை நகர வேண்டும் என்பது அதன் சாரம். மார்க்சிய வாசகருக்கு இது புதிதன்று. சூழ்நிலைகள் மனிதரை உருவாக்குகின்றன எனக் கூறுவோர், அச்சூழ்நிலைகளை மாற்றுவோரும் மனிதரே என்பதையும், கற்பிப்பவரும் கற்பிக்கப்பட வேண்டியவரே என்பதையும் மறந்துவிடுகின்றனர் என்று ஃபொயர்பாக் பற்றிய தமது குறிப்புகளில் மார்க்ஸ் 1845இலேயே சுட்டியிருந்தார்.

எனினும் மதிப்பீடு பற்றிப் பேசுமிடத்து ஹோலெக்கின் சிந்தனை வேறு திசையிற் செல்கின்றது. கற்போர் தமக்குரிய பிரமாணங்களால் தம்மை மதிப்பிடுவர். எல்லோருக்கும் பொதுவான புறநிலை அறிவின் இடத்தை ஒவ்வொருவருக்கும் உரிய அகநிலை அறிவு பெறும் என்பது அவர் நிலைப்பாடு. நிறுவனத்தின் அளவுகோலை மறுத்த அவர், அதற்கு மாற்றாகத் தனிமனிதரின் அளவுகோலை முன்வைத்தார். கற்போர் கூடி ஆக்கும் சமூக அளவுகோல் என்ற மூன்றாவது சாத்தியம் அவரிடம் வளர்ச்சி பெறவில்லை. மொழியோ தனியொருவரின் உடைமையன்று. ஒரு வாக்கியம் சரியானதா, ஒரு வாதம் ஏற்புடையதா என்பதை அம்மொழியைப் பயன்படுத்தும் சமூகமே தீர்மானிக்கின்றது. அச்சமூகமும் வர்க்கங்களாகப் பிளவுண்டது. இதனைக் கணக்கிலெடாத அகநிலைவாதம் பின்னர் எளிதாகச் சந்தையின் தனிமனிதவாதமாக மாறக்கூடியதாயிற்று.

இதே திட்டத்திற்காகச் சுவீடனின் கொதன்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மற்ஸ் ஒஸ்கார்சன் 1978இல் சுயகணிப்பீட்டுக்கான படிவங்களையும் அளவுத்திட்டங்களையும் தயாரித்தளித்தார். மாணவர் தம்மைத் தாமே அளந்தால் உண்மை கூறுவரா என்ற ஐயம் அன்றே எழுந்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் போதனாமொழிகளாக உள்ள கனடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் லெப்லான், பன்ஷோ ஆகிய இருவர் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. இரண்டாம் மொழி வகுப்புகளில் மாணவரை உரிய மட்டத்திற் சேர்ப்பதற்குச் சுயகணிப்பீட்டு வினாக்கொத்து ஏற்ற கருவியே என அவர்கள் கண்டனர். மாணவர் உண்மையிற் சந்திக்கும் மொழிச்சூழல்களோடு வினாக்கள் நெருங்கியிருந்தபோது விடைகளும் நம்பகமாயிருந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, இக்கணிப்பீடு சான்றிதழ் வழங்குவதற்கன்று என்பதாகும். தமக்குப் பொருந்தாத வகுப்பிற் சேர்வதால் மாணவருக்கு எவ்வித இலாபமுமில்லை. பொய் சொல்வதற்கான சமூகக் காரணம் இல்லாத இடத்தில் மாணவர் பொய் சொல்வதில்லை. நேர்மை என்பது இங்கு குணத்தின் விளைவு மட்டுமன்று, நிலைமையின் விளைவுமாகும்.

4

ஆயினும் சுயகணிப்பீட்டை இக்கல்வியாளர்தான் கண்டுபிடித்தனர் என எண்ணுவது தவறு. பிரெஞ்சுச் சமூகவியலாளர்களான பியர் பூர்தியுவும் பாஸ்ரோனும் 1964இலும் 1970இலும் வெளியிட்ட இரு நூல்கள், தாழ்ந்த வர்க்கங்களைச் சேர்ந்த மாணவர் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடையுமுன்னரே தம்மைத் தாமே விலக்கிக்கொள்வதைப் புள்ளிவிபரங்களுடன் எடுத்துக்காட்டின. எந்தப் பரீட்சகரும் அவர்களைத் தோல்வியுறச் செய்வதில்லை. "இது எமக்குரியதன்று" என அவர்களே தீர்ப்பளித்துக்கொள்கின்றனர். தொழிலாளியின் மகளும் விவசாயியின் மகனும் காலங்காலமாகத் தம்மைக் கணிப்பிட்டே வந்துள்ளனர். பிறருடைய அளவுகோலைத் தமதெனக் கொண்டு, தமக்குத் தாமே குறைந்த புள்ளி வழங்கியுள்ளனர். இதுவும் சுயகணிப்பீடேயாகும். வர்க்க சமுதாயத்தின் மிகப் பழைய சுயகணிப்பீடு இதுவே என்றும் கூறலாம்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகின்றது. பல்கலைக்கழகம் தன் பிரமாணங்களை வெளிப்படையாகக் கூறாமல், "உம்மை நீரே மதிப்பிட்டுக்கொள்ளும்" என மாணவரிடம் கூறுமாயின், அப்பிரமாணங்களை வீட்டிலேயே பெற்றுக்கொண்டவர் வெல்வார். ஏனையோர் தம்மைத் தாமே விலக்கிக்கொள்வர். கட்டுரையொன்று நன்றாயிருப்பதற்கு என்ன வேண்டும் என்பது எழுத்தறிவும் நூல்களும் நிறைந்த வீட்டிற் பிறந்தவருக்கு மூச்சுவிடுவது போல் இயல்பாகத் தோன்றும். முதற்றலைமுறையாகப் பல்கலைக்கழகம் புகுந்தவருக்கோ அது எங்கும் எழுதப்படாத சட்டமாகும்.

இவ்விடத்தில் அந்தோனியோ கிராம்சியின் சிந்தனை பயன்படுகின்றது. கிராம்சி தொரீனோப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர். 1923இல் இத்தாலியப் பாசிச அரசு கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தம், உயிர்த்துடிப்புள்ள கல்வி என்ற பெயரால் ஒழுங்குமுறையான பயிற்சியைத் தாழ்த்தியது. தமது சிறைக் குறிப்புகளில் கிராம்சி இதனைக் கடுமையாக விமர்சித்தார். இலக்கணத்தைப் பாடசாலையினின்றும் நீக்குவதால் இலக்கணம் சமூகத்தினின்றும் நீங்கிவிடுவதில்லை. ஆளும் வர்க்கத்துப் பிள்ளைகள் அதனை வீட்டிற் பெற்றுக்கொள்வர். மக்களின் பிள்ளைகளே அதனை இழப்பர். கடின உழைப்பின்றி, தானாக மலரும் கல்வி என்பது ஏற்கனவே மலர்ந்தவர்க்கே உரியது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவ்வாறாயின் கிராம்சி கற்போர் சுயாதீனத்தின் எதிரியா? அல்லர். மாணவர் வெறும் ஒலிப்பதிவுக் கருவிகளல்லர் என்பதையும், ஆசிரியர்-மாணவர் உறவு இருவழிப்பட்டது என்பதையும் வற்புறுத்தியவரும் அவரே. ஒழுங்குமுறையான பயிற்சியைச் சுயாதீனத்தின் மறுதலையாகக் கொள்ளாது, அதற்கான முன்நிபந்தனையாகக் கண்டமையே அவர் நோக்கின் சிறப்பு. இன்று துணையுடன் செய்யக்கூடியதை நாளை தனித்துச் செய்யலாம் என்ற சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கியின் கருத்தும் இதற்கு அரண் செய்கின்றது. அதனை அடியொற்றியே டப்ளின் திரித்துவக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் லிற்றில் 1991 முதல், சுயாதீனம் தனிமையன்று, பரஸ்பரச் சார்பினூடே வளர்வது என எழுதி வந்தார்.

5

1990களில் நிலைமை வேறு கட்டத்தை அடைந்தது. 1991இல் சுவிற்சர்லாந்தின் ருஷ்லிக்கோன் நகரில் நடைபெற்ற கருத்தரங்கு, ஐரோப்பிய மொழித்தேர்ச்சிகளை ஒப்பிடத்தக்க பொதுச் சட்டகம் ஒன்றின் தேவையை முன்வைத்தது. அதன் பெறுபேறாக 2001இல் மொழிகளுக்கான பொது ஐரோப்பியச் சட்டகம் வெளிவந்தது. ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிநிலைகள் அதில் வகுக்கப்பட்டன. கூடவே ஐரோப்பிய மொழிக் கோவை என்ற ஆவணமும் அறிமுகமாயிற்று. மொழிக் கடவுச்சீட்டு, மொழி வரலாறு, ஆக்கத் தொகுப்பு என மூன்று பகுதிகளைக் கொண்ட அக்கோவையில், "என்னால் இதனைச் செய்ய இயலும்" என்ற வாய்பாட்டில் அமைந்த கூற்றுகளைக் கொண்டு கற்போர் தம்மைக் கணிப்பிடுவர். பல்கலைக்கழக மாணவருக்கெனத் தனியான கோவையும் 2002இல் அங்கீகாரம் பெற்றது.

இச்சட்டகத்தின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. இன்ன பரீட்சையிற் சித்தி, இன்ன புள்ளி என்ற மௌனக் குறியீடுகளுக்குப் பதிலாக, ஒருவர் மொழியைக் கொண்டு என்ன செய்யவல்லார் என்பதைச் சாதாரண வாக்கியங்களில் அது கூறியது. பிரமாணங்களை மறைத்து வைத்தலே வர்க்க ஆதிக்கத்தின் ஒரு வழியெனின், அவற்றை எழுதி வெளியிடுதல் முன்னேற்றமே.

ஆனால் அவ்வாக்கியங்களை எழுதியவர் யார்? அவற்றின் படிநிலைகள் 1993 முதல் 1996 வரை சுவிற்சர்லாந்தில் நடைபெற்ற ஆய்வில், ஆசிரியர்கள் தம் மாணவரைப் பற்றி வழங்கிய தீர்ப்புகளைப் புள்ளியியல் முறையால் ஒழுங்குபடுத்தியதன் மூலம் நிலைநாட்டப்பட்டவை. ஆசிரியரின் தீர்ப்பாக அளவுத்திட்டத்தில் ஏறிய கூற்று, பின்னர் தன்மை இடத்துக்கு மாற்றப்பட்டு மாணவரின் வாயில் இடப்பட்டது. "என்னால் இயலும்" என்ற வாக்கியத்தில் "என்னால்" என்பது மட்டுமே கற்போருடையது. எஞ்சியதனைத்தும் ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது. நான்சியில் ஐந்து கூறுகளின் முழுமையில் ஒன்றாக இருந்த சுயகணிப்பீடு இங்கே தனித்துப் பிரிந்து நிற்கின்றது. இலக்கும் உள்ளடக்கமும் படிமுறையும் முன்கூட்டியே தரப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பது பெட்டிகளில் அடையாளமிடுதல்.

இம்மாற்றத்தின் அடித்தளத்தை மொழிக்கல்விக்கு வெளியேதான் தேட வேண்டும். 1999இன் பொலோனியாப் பிரகடனம் ஐரோப்பியப் பல்கலைக்கழகப் பட்டங்களை ஒப்பிடத்தக்கனவாக ஆக்க முனைந்தது. 2000இல் லிஸ்பனிற் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், உலகின் போட்டித்திறன் மிக்க அறிவுப் பொருளாதாரமாக ஒன்றியத்தை ஆக்குவது பற்றிப் பேசினர். 2005 முதல் நடைமுறைக்கு வந்த யூரோபாஸ் என்ற ஆவணத் தொகுதியில், மொழித்தேர்ச்சி பற்றிய சுயகணிப்பீட்டு அட்டவணை வேலை தேடுவோரின் தகைமைக் குறிப்பில் ஓர் அங்கமாயிற்று. சுரங்கத் தொழிலாளர் கூடித் தம் தேவையைக் கூறிய இடத்தில் தொடங்கிய பயணம், தனித்தனியே விண்ணப்பிக்கும் உழைப்பாளர் தம் உழைப்புச் சக்தியின் தரத்தைத் தாமே விளம்பரப்படுத்தும் இடத்தை வந்தடைந்தது.

அளவுகோல் இன்னுமொரு திசையிலும் பயணித்தது. 2007இல் ஜேர்மனி தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைத்துணையிடம் சென்று சேர விரும்புவோர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எளிய ஜேர்மன் மொழியறிவை முன்கூட்டியே காட்ட வேண்டும் என விதித்தது. அவ்வறிவு ஏ1 படிநிலையாகக் கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கணவரிடம் செல்லவிருக்கும் பெண் கொழும்பிலுள்ள கேத்தே நிறுவனத்தில் எழுதும் பரீட்சை அதே அளவுத்திட்டத்தின் முதற்படியையே அளக்கின்றது. "என்னால் இயலும்" என அவர் தாமே கூறிக்கொள்வதற்கு அங்கே எப்பெறுமதியும் இல்லை. அளவுத்திட்டத்தை இவ்வாறு குடிவரவுக் கட்டுப்பாட்டிற்குப் பயன்படுத்துவது பற்றி ஐரோப்பிய மன்றத்தின் மொழிக்கொள்கை நிபுணர்களே கவலை தெரிவித்துள்ளனர். ஓர் அளவுகோல் எவர் கையிலுள்ளது என்பதே அது கல்விக் கருவியா, எல்லைக் கதவா என்பதைத் தீர்மானிக்கின்றது.

ஹொங்கொங்கிலிருந்து எழுதிய ஃபில் பென்சன் 1997இல் கற்போர் சுயாதீனத்தின் வடிவங்களைத் தொழில்நுட்பம் சார்ந்தது, உளவியல் சார்ந்தது, அரசியல் சார்ந்தது என மூன்றாக வகுத்தார். தனித்துப் படிக்கும் திறன்கள் முதலாவது. பொறுப்பேற்கும் மனப்பாங்கு இரண்டாவது. கற்றலின் உள்ளடக்கத்தின் மீதும் நிறுவனத்தின் மீதும் உள்ள அதிகாரம் மூன்றாவது. முதலிரண்டும் நிறுவனங்களால் விருப்புடன் ஏற்கப்பட்டன. மூன்றாவது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

6

அளவுகோல் வேறிடத்தில் இருப்பது எமக்குப் புதிய அனுபவமன்று. 1880 முதல் இலங்கையில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் நடைபெற்றன. 1921இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, இந்நாட்டுப் பட்டதாரியின் தகுதியை உறுதிப்படுத்தும் அதிகாரம் கடல் கடந்தே இருந்தது. குடியேற்றவாதக் கல்வியின் பல கூறுகளை ஆராய்ந்த எம் ஆய்வாளர், பரீட்சையின் இடம்பெயர்ந்த அதிகாரத்திற்கு உரிய கவனம் செலுத்தினர் எனக் கூற முடியாது.

1960இல் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. கிராமப்புற மாணவரும் கீழ்மத்தியதர வர்க்கத்து மாணவரும் பல்கலைக்கழகத்தினுட் பெருந்தொகையாகப் புகுந்தனர். பல்கலைக்கழகத்தை ஜனநாயகப்படுத்திய பெருநிகழ்ச்சி இது. அதே வேளையில், போதனாமொழி என்ற நிலையினின்றும் நீங்கிய ஆங்கிலம், கட்டாய பாடம் என்ற வடிவில் மீண்டும் வந்தது. வேலைவாய்ப்பின் வாயிலில் அதன் அதிகாரம் குறையவில்லை. தம் துறைசார் பாடங்களைத் தாய்மொழியிற் செம்மையாகக் கற்று வாதிடவல்ல மாணவர், ஆங்கில வகுப்பில் ஆரம்பநிலைக் கற்போராக நடத்தப்பட்டனர். இம்முரண்பாட்டின் நடுவிலேதான் எம்மிடையே சுயாதீனம் பற்றிய வினா எழுகின்றது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1990-91இல் முதலாம் ஆண்டுக் கலை மாணவர் 22 பேரைக் கொண்ட வகுப்பொன்றை அவதானித்துச் செய்த ஆய்வு இவ்வகையில் பெறுமதி வாய்ந்தது. 1999இல் வெளியான அவருடைய நூலிலும் அவ்வாய்வு இடம்பெறுகின்றது. பாடநூல் அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரித்தது. வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர் அந்நூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்தவற்றை அவர் ஆராய்ந்தார். அச்சிடப்பட்ட பக்கத்தின் அந்நிய உலகுக்கு எதிராகத் தம் பண்பாட்டையும் தம் கால அரசியலையும் மாணவர் அவ்வோரங்களிற் பதித்திருந்தனர். எவரும் அறிவுறுத்தாமல், எவ்விதப் படிவமும் வழங்கப்படாமல், மாணவர் பாடநூலை மதிப்பிட்டிருந்தனர். பாடத்தின் நடுப்பகுதியில் இடம் கிடைக்காத சுயாதீனம் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது.

அதே ஆய்வு மற்றுமோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. அம்மாணவர் உரையாடல் வழியான நவீனக் கற்பித்தலை விரும்பவில்லை. இலக்கண விதிகளைத் தெளிவாகத் தரும்படி வேண்டினர். இதனைப் பழைமைப்பற்று என ஒதுக்குதல் எளிது. கிராம்சியின் ஒளியில் நோக்கின் இதன் நியாயம் புலப்படும். பரீட்சை என்ற அளவுகோலை அவர்கள் அறிந்திருந்தனர். அதன் இரகசியத்தைத் தமக்குத் திறந்து காட்டும்படியே கேட்டனர். வெளிப்படையான விதியைக் கோரும் மாணவர், சுயாதீனத்தைக் கோரும் மாணவரேயாவர். விதி தெரியாதவர் தம்மைத் தாமே கணிப்பிடுதல் எங்ஙனம்?

7

மேற்கூறிய வரலாற்றினின்றும் எமது பல்கலைக்கழக மொழிக் கற்கைநெறிகளுக்குப் பெறத்தக்க முடிபுகள் சில உள.

முதலாவது, சுயகணிப்பீடு பிரமாணங்களைப் பற்றிய விவாதத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆயத்த படிவத்தை விநியோகிப்பதற்கு முன்னர், சென்ற ஆண்டுகளின் விடைகள் சிலவற்றைப் பெயர் நீக்கி வகுப்பில் வைத்து, இது ஏன் நன்று, இது ஏன் போதாது என மாணவர் வாதிடல் வேண்டும். அவ்விவாதத்தை ஆங்கிலத்தில் நடத்த இயலாத கட்டத்திலுள்ளோர் தமிழிலும் சிங்களத்திலும் நடத்தலாம். ஆங்கிலம் பற்றிச் சிந்திப்பதற்கு ஆங்கிலமே வேண்டும் என்பது நியாயமற்ற நிபந்தனை.

இரண்டாவது, கணிப்பீடு கூட்டுச் செயலாதல் வேண்டும். தனித்திருக்கும் மாணவர் ஏற்கனவே தம்முட் பதிந்துள்ள வர்க்கத் தீர்ப்பையே மீண்டும் கூறக்கூடும். நால்வர் ஐவர் கூடி ஒருவரின் எழுத்தை ஆராயும்போதுதான், "இது எனக்குரியதன்று" என்ற தீர்ப்புக்கு எதிர்வாதம் பிறக்கும்.

மூன்றாவது, மாணவரின் தீர்ப்புக்கு நிறுவன விளைவு ஒன்று இருத்தல் வேண்டும். மாணவர் தம்மைக் கணிப்பிட்ட பின்னரும், இறுதிப் புள்ளி அதனைச் சற்றும் பொருட்படுத்தாமல் வழங்கப்படுமாயின், அது ஜனநாயகத்தின் ஒத்திகையாகவே முடியும். இரு தீர்ப்புகளும் வேறுபடுமிடத்து ஆசிரியர் காரணம் கூறக் கடமைப்பட்டவராதல் வேண்டும். காரணம் கூறும் கடமை ஏற்கப்படும்போதே அளவுகோல் தனியொருவரின் உடைமை என்ற நிலை தளரத் தொடங்கும்.

நான்காவது, ஆசிரியர் பின்வாங்குதல் சுயாதீனமாகாது. நூலகமும் ஒலிப்பதிவும் ஆலோசகரும் இருந்தமையாலேயே நான்சியில் அம்முயற்சி இயங்கியது. ஆளணியையும் வளங்களையும் குறைத்துவிட்டு, "நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்" எனக் கூறுவது செலவுக் குறைப்புக்கு இடப்படும் அழகிய பெயராகவே இருக்கும்.

இவை யாவும் வகுப்பறைக்குள் நிகழக்கூடியவை. ஆங்கிலத்திற்குச் சமூகத்திலுள்ள அதிகாரத்தையோ, சான்றிதழின் சந்தைப் பெறுமதியையோ வகுப்பறையினுள் ஒழித்துவிட இயலாது என்பதும் உண்மையே. ஆயினும் தம்மீது பிரயோகிக்கப்படும் அளவுகோலைக் கையிலெடுத்து, இது எவரால், எதற்காக ஆக்கப்பட்டது எனக் கேட்கப் பழகிய மாணவர், அக்கேள்வியை மொழி வகுப்போடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. 1968இல் எழுந்த கோரிக்கையின் எஞ்சியிருக்கும் உயிர் அதுவே. அதனைப் படிவங்களிலிருந்து மீட்டெடுத்தல், மொழி கற்பிப்போரும் கற்போரும் கூடிச் செய்ய வேண்டிய பணியாகும்.